சென்னை வெயிலில் சாலால்: தீப்பாறைப் படிகங்களை ஸ்லைடில் வளர்த்த பதிவு

மூன்று ஸ்லைடுகளும் ஒருவழியாகச் சரியாக அமைந்துவிட்டன. முதல் ஸ்லைடில் படிகங்கள் சராசரியாக 0.4 மி.மீ., இரண்டாவதில் 1.5 மி.மீ., மூன்றாவதில் 7 மி.மீ. ஒரே புட்டியிலிருந்து எடுத்த ஒரே பொருள்தான் மூன்றும்: உருக்கி, வெவ்வேறு வெப்பநிலையில் உறைய வைத்த சாலால். நான்காவது ஸ்லைடில் பெரிய படிகங்கள் நான்கும் அவற்றைச் சுற்றிப் பொடிப்பொடியான படிகங்களும் இருக்கின்றன. பாறைக்குழம்பு பூமிக்குள் கொஞ்சநாள் மெல்லக் குளிர்ந்து, பிறகு திடீரென்று மேலே வந்து உறைந்தால் பாறையில் தெரிகிற அமைப்பு இதுவே. இந்த இடத்துக்கு வந்து சேர எட்டு நாள் ஆயிற்று. அதில் ஐந்து நாள் தவறான வழியில் போனது. அந்த ஐந்து நாளில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே அதிகமாக எழுத வேண்டியிருக்கிறது.

கல்லூரிப் புவியியல் செய்முறை வகுப்பில் காட்டுவதற்காகச் செய்தது இது. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டாகும் கருநிறப் பாறையான பசால்ட்டை உருக்க ஏறத்தாழ 1200 டிகிரி வேண்டும். அந்த உலை வகுப்பறையில் நடக்காது. சாலால் என்கிற ஃபினைல் சாலிசிலேட் 42 டிகிரிக்கு அருகே உருகிவிடும். வெள்ளைப் பொடி, வலித் தைலத்தை நினைவூட்டும் மெல்லிய மணம். உருகினால் தண்ணீர்போல் தெளிவாக இருப்பதால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும். இதைவிட முக்கியமான ஒரு குணம் உண்டு. உருகுநிலைக்கு எவ்வளவோ கீழே போன பிறகும் உறையாமல் திரவமாகவே நிற்கும். சிலிக்கேட் குழம்புகளுக்கும், அதாவது பாறைக்குழம்புகளுக்கும், அதே பழக்கம். செய்முறை முழுவதையும் படுத்தியெடுத்ததும் இந்தக் குணம், கடைசியில் பாடம் சொன்னதும் இதே குணம்.

வாங்கியவை: சாலால் 100 கிராம், 520 ரூபாய். ஸ்லைடு 50 கொண்ட பெட்டி 120 ரூபாய். 18 மி.மீ. சதுரக் கவர் ஸ்லிப் ஒரு பெட்டி 90 ரூபாய். கே வகைத் தெர்மாகப்பிளோடு (வெப்பநிலை உணரும் கம்பி) டிஜிட்டல் மீட்டர் 850 ரூபாய். கண்ணாடி டிராப்பர் நான்கு. டிராப்பர் பிளாஸ்டிக்காக இருந்தால் மெல்லிய முனை சீக்கிரம் குளிர்ந்து, சாலால் அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். கண்ணாடியென்றால் சுடுநீரில் முக்கி வைத்துக்கொள்ளலாம். படிகங்களை நிறம் பிரித்துப் பார்க்க ஸ்லைடின் மேலும் கீழும் வைக்கும் போலராய்டு தாளுக்குச் செலவில்லை. பழுதான எல்.சி.டி. மானிட்டரின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒட்டியிருக்கும் படலத்தை ஹேர் டிரையரால் சூடாக்கி ஒரு மூலையிலிருந்து மெல்ல உரித்தால் இரண்டு பெரிய தாள் கிடைக்கும். பசை மீதியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். கையுறையும் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும் கட்டாயம். சாலால் கண்ணில் பட்டால் எரியும். நீர்வாழ் உயிர்களுக்குத் தீங்கு என்பதால் கழுவுதொட்டியில் கொட்டக் கூடாது. சுரண்டி எடுத்துத் திரும்ப உருக்கிக்கொள்ளலாம்.

முதல் தவறு சூட்டில் நடந்தது. டெஸ்ட் டியூபில் 10 கிராம் பொடியைப் போட்டு, கொதிக்கும் தண்ணீரில் நிறுத்தி, எல்லாம் நன்றாக உருகட்டும் என்று பத்து நிமிடம் விட்டோம். பிறகு மூன்று ஸ்லைடுகளில் ஒவ்வொரு சொட்டு: பனிக்கட்டிமேல் ஒன்று, மேசைமேல் ஒன்று, வெந்நீர்ப் பாத்திர மூடிமேல் ஒன்று. ஒரு மணி நேரம் ஆகியும் மூன்றிலும் ஒரு படிகம்கூட இல்லை. மேசைமேல் வைத்தது மறுநாள் காலையிலும் தெளிவான சொட்டாகவே இருந்தது.

சாலால் 80, 90 டிகிரியில் பத்து நிமிடம் நின்றால், கண்ணுக்குத் தெரியாத மிச்சப் படிகத் துணுக்குகளும் கரைந்துவிடுகின்றன. புதிய படிகம் தொடங்க ஒரு கரு வேண்டும். அந்தக் கரு தானாக உருவாவது சாலாலில் அபூர்வம். ஆகவே உருக்குகிற சூட்டுக்கு உச்சவரம்பு வைத்தாக வேண்டும். பிறகு செய்ததெல்லாம் 50 டிகிரி வாட்டர் பாத்தில்தான். கடைசித் துகள் மறைந்ததைக் கண்ணால் பார்த்ததும் இரண்டே நிமிடம், அதற்குமேல் விடவில்லை. பசால்ட்டை உலையில் உருக்கிக் குளிர்விப்பவர்களும் இதே சிக்கலைத்தான் எதிர்கொள்கிறார்கள். கடைசிப் படிகமும் உருகும் வெப்பநிலைக்கு மிக மேலே ஏற்றிவிட்டால், பிறகு ஒரே வேகத்தில் குளிர்வித்தாலும் வேறு அமைப்பு வருகிறது. குழம்பு எவ்வளவு சூட்டிலிருந்து இறங்குகிறது என்பதையும் குளிரும் வேகத்தோடு சேர்த்தே எழுதி வைக்க வேண்டும்.

இரண்டாவது தவறு ஊரைப் பற்றியது. இந்தச் செய்முறைக்குப் புழக்கத்தில் உள்ள குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுப் பள்ளிகளில் எழுதப்பட்டவை. அங்கே அறை வெப்பநிலை 18 அல்லது 20 டிகிரி. சாலாலுக்கு அது உருகுநிலையிலிருந்து 22 முதல் 24 டிகிரி கீழே. மே மாதச் சென்னையில் ஆய்வக மேசை 32 டிகிரியில் இருந்தது. வெறும் 10 டிகிரி இறக்கம். குறிப்பு சொல்லும் நடுத்தர ஸ்லைடு இங்கே வெதுவெதுப்பான ஸ்லைடுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. வெதுவெதுப்பானது என்று சொல்லப்பட்ட 45 டிகிரி ஸ்லைடில் சாலால் உறையவே உறையாது. இதைப் புரிந்துகொள்ள இரண்டு நாள் பிடித்தது. வெப்பநிலையை நேரடியாகச் சொல்லாமல், உருகுநிலையிலிருந்து எத்தனை டிகிரி கீழே என்று குறித்துக்கொள்வதுதான் சரி. நாங்கள் இறுதியாகத் தேர்ந்தவை 10, 27, 38 டிகிரி. அதாவது 32, 15, 4 டிகிரி இறக்கம்.

பனிக்கட்டி ஸ்லைடு தனியாகத் தொல்லை கொடுத்தது. கடலோரக் காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் உடனே முத்து முத்தாகப் படிந்தது. சாலால் தண்ணீரில் கரையாது. சொட்டு நீர்முத்துகளின்மேல் வழுக்கி, ஓரங்களில் வெள்ளைத் திட்டுகளாக நின்றது. ஸ்லைடை ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, பனிக்கட்டிமேல் பத்து நிமிடம் வைத்து, சொட்டு விடுவதற்குச் சற்று முன் வெளியே எடுத்தால் இது பாதி தீரும். மீதிப் பாதி தீர்ந்தது பனிக்கட்டியைக் கைவிட்டபோதுதான். 5 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, வெளியே எடுத்து அதன்மேல் தெர்மாகப்பிளை ஒட்டி, 10 டிகிரிக்கு ஏறும்வரை காத்திருந்து, ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டு ஸ்லைடை வைத்தோம். அந்தத் தகடு 10 டிகிரிக்கு அருகே நாலைந்து நிமிடம் நிற்கிறது. அதற்குள் வேலை முடிந்துவிடும்.

இன்னும் குளிர்ச்சி இருந்தால் இன்னும் சின்னப் படிகம் வரும் என்று நினைத்து 0 டிகிரியிலும் முயன்றோம். வரவில்லை. சொட்டு தேன்போல் கெட்டிப்பட்டு அப்படியே தெளிவாக நின்றது. அதே ஸ்லைடை மேசைக்கு எடுத்து வந்து ஊசியால் ஒரு கீறல் போட்டதும், இரண்டு மூன்று நிமிடத்தில் வெள்ளை விசிறிகள் கிளம்பிச் சொட்டு முழுவதும் பரவின. இதைக் கண்ணாடி, அதாவது படிகமாகாமலே உறைந்த திடப்பொருள், என்று வகுப்பில் சொல்லிவிடக் கூடாது. சாலால் உண்மையில் கண்ணாடியாவது மைனஸ் 55 டிகிரிக்கு அருகே. 0 டிகிரியில் இருப்பது கெட்டிப்பட்ட திரவம் மட்டுமே. ஆனால் காரணம் ஒன்றுதான்: குளிரக் குளிர மூலக்கூறுகள் நகர்ந்து வந்து படிகத்தில் அமர முடியாமல் போகிறது. எரிமலைக் குழம்பு கடல்நீரில் விழும்போது புறத்தில் கறுப்புக் கண்ணாடித் தோல் உண்டாவதும், சிலிக்கா மிகுந்த ரையோலைட் குழம்பு அப்சிடியன் என்கிற எரிமலைக் கண்ணாடியாக நின்றுவிடுவதும் இந்த வழியில்தான். எடின்பரோவின் ஜேம்ஸ் ஹால் 1798 வாக்கில் இரும்பு வார்ப்பு உலையில் உள்ளூர்க் கருங்கல்லை உருக்கிச் சட்டென்று குளிர்வித்தபோது கண்ணாடி கிடைத்தது. மெல்லக் குளிர்வித்தபோது மறுபடி கல்லே கிடைத்தது. உருகியது உறைந்தால் கண்ணாடிதான் ஆகும், ஆகவே பசால்ட் நெருப்பில் பிறந்திருக்க முடியாது என்று வாதிட்டவர்களுக்கு அது பதிலாக அமைந்தது.

இனிச் சரியாக வந்த முறை. 10 கிராம் சாலாலை 50 டிகிரி வாட்டர் பாத்தில் உருக்கவும். ஸ்லைடு, டிராப்பர், கவர் ஸ்லிப் மூன்றும் துடைத்துச் சுத்தமாக இருக்க வேண்டும். தூசி ஒவ்வொன்றும் ஒரு கருவாகிவிடும். குழம்பு 45 டிகிரிக்கு இறங்கியதும், அரைத்த சாலால் பொடியை ஊசி முனையில் ஒற்றி எடுத்து டியூபில் தொட்டுக் கலக்கவும். அந்தத் துணுக்குகளில் பெரும்பகுதி கரைந்து, சில நுண்ணியவை மிஞ்சும். அரை நிமிடத்துக்குள் ஒரு சொட்டு, அதாவது 0.05 மி.லி., ஸ்லைடின் நடுவில் விட்டுக் கவர் ஸ்லிப்பைச் சாய்வாக இறக்கி மூடவும். படலம் ஏறத்தாழ 0.15 மி.மீ. தடிமனாகும். முதலில் மூடாமல் விட்ட சொட்டுகள் அரை மில்லிமீட்டருக்குமேல் தடித்து, போலராய்டுகளுக்கு நடுவே வெளிறிய வெள்ளையாகத் தெரிந்தன. மூடிய பிறகுதான் நீலமும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக ஒவ்வொரு படிகமும் தனித்து நின்றது, எண்ணவும் முடிந்தது.

10 டிகிரித் தகட்டில் நான்கு நிமிடத்தில் உறைந்துவிட்டது. கிராஃப் தாளை அடியில் வைத்து 2 மி.மீ. சதுரக் கட்டத்துக்குள் எண்ணினால் 25 முதல் 30 படிகங்கள். 27 டிகிரிக்கு ஏ.சி. அறையின் பீங்கான் ஓடு போதுமானதாக இருந்தது. அங்கே ஒரு சதுர செ.மீ.க்கு 40 முதல் 45. இது இரண்டே நிமிடத்தில் முடிந்தது, 10 டிகிரியைவிடச் சீக்கிரம். குளிர்ந்த ஸ்லைடுதான் முதலில் உறையும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். படிகம் வளரும் வேகம் இறக்கம் கூடக்கூட ஏறி, ஓர் உச்சம் தொட்டு, பிறகு குறைகிறது. சாலாலுக்கு அந்த உச்சம் 10 டிகிரியைவிட அறை வெப்பநிலைக்கு நெருக்கம்.

38 டிகிரிக்குப் பால்புட்டி சூடாக்கும் கருவியின்மேல் அலுமினியத் தகடு வைத்தோம். அதன் சூடு இரண்டு டிகிரி மேலும் கீழும் ஊசலாடுகிறது. தகட்டின் தடிமன் அந்த ஊசலைக் கொஞ்சம் விழுங்குகிறது. ஸ்லைடில் சில கருக்கள் கரைந்து மறைந்தன, ஆறு மட்டும் பிழைத்தன. முப்பது நிமிடத்தில் அந்த ஆறும் நேர்விளிம்புள்ள சாய்சதுரத் தட்டுகளாக வளர்ந்து ஒன்றையொன்று முட்டி நின்றன. சராசரி 7 மி.மீ. முட்டிய இடத்தில் விளிம்பு வடிவம் இழந்துவிடுகிறது. முதலில் வளர்ந்தது தன் வடிவத்தோடு நிற்க, பின்னால் வந்தது மிஞ்சிய இடத்தை நிரப்பிக்கொள்கிறது. கிரானைட் துண்டில் குவார்ட்ஸ் பெரும்பாலும் தன் ஆறுமுக வடிவத்தில் தெரியாமல் இடுக்குகளில் பிதுங்கி நிற்பதற்கு அருகில் வைத்துக் காட்ட ஏற்றது இது.

ஒரு திருத்தத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு சொட்டு சாலால் ஸ்லைடின் வெப்பநிலைக்குச் சில விநாடியில் வந்துவிடும். ஆகவே இந்த மூன்று ஸ்லைடும் மூன்று குளிரும் வேகங்களைக் காட்டவில்லை. மூன்று இறக்கங்களைக் காட்டுகின்றன. மெல்லக் குளிர்ந்தால் பெரிய படிகம் என்று பாடத்தில் வரும் வரிக்கு உள்ளே இருப்பது இதுதான். மெல்லக் குளிரும் குழம்பு உருகுநிலைக்குச் சற்றுக் கீழேயே நெடுநேரம் தங்குகிறது. அங்கே புதிய கரு உருவாவது அரிது, இருக்கிற கரு மட்டும் வளர்கிறது. படிக அளவை முடிவு செய்வது கருக்களின் எண்ணிக்கை. நெல்லூர் மைக்கா வட்டாரத்தில், மிகப் பெரிய படிகங்கள் கொண்ட தீப்பாறையான பெக்மடைட்டில் கையகலம் தாண்டிய மைக்கா ஏடுகள் கிடைப்பதற்கும் வெறும் மெதுவான குளிர்ச்சியைக் காரணம் சொல்லிவிட முடியாது. மற்றது உறைந்ததுபோக மிஞ்சும் அந்தக் கடைசிக் குழம்பில் நீரும் போரான், ஃபுளோரின் போன்றவையும் சேர்ந்து கருக்களைக் குறைத்து, அணுக்கள் எளிதாக நகர வழி செய்கின்றன.

நான்காவது ஸ்லைடுக்கு 38 டிகிரித் தகட்டில் பன்னிரண்டு நிமிடம், உடனே 10 டிகிரித் தகடு. மாற்றியதும் கவர் ஸ்லிப் ஓரத்தில் பொடி தொட்ட ஊசியால் நான்கு இடத்தில் தொட வேண்டும். முதல் முயற்சியில் தொடாமல் விட்டதால், புதிய கருக்கள் வராமல் பெரிய படிகங்களே விளிம்பில் கரடுமுரடாக நீண்டு இடத்தை நிரப்பிவிட்டன. இரண்டாவது முயற்சியில் 3 மி.மீ. படிகங்கள் நான்கு சுத்தமான விளிம்போடு நின்றன, சுற்றிலும் நுண்மணிகள்.

குளிரும் வேகத்தை உண்மையாகவே மாற்றிப் பார்க்க டெஸ்ட் டியூப் வேண்டும். 15 கிராம் சாலால், நடுவில் தெர்மாகப்பிள், வெளியே பஞ்சுச் சுற்று. குழம்பு 32 டிகிரிக்கு வந்து திரவமாகவே நின்றது. ஒரு சிட்டிகை பொடி தூவியதும் மீட்டர் ஏறத் தொடங்கி, ஆறு நிமிடத்தில் 39 தொட்டு, பிறகு அரை மணிக்கு அசையவில்லை. உறையும்போது வெளிவிடும் வெப்பம்தான் அது. சாலாலுக்கு ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 90 ஜூல். பசால்ட்டுக்கு 400 ஜூல் அளவில். ஹவாயின் கீலவேயா இக்கி எரிமலைக் குழியில் 1959இல் நூறு மீட்டருக்குமேல் ஆழமாகத் தேங்கிய குழம்பு ஏரி, தானே போர்த்திக்கொண்ட மேலோட்டுக்கு அடியில் முழுவதும் உறைய 1990களின் நடுப்பகுதிவரை எடுத்துக்கொண்டதற்கு இந்த வெப்பமும் ஒரு காரணம். அங்கே பல முறை துளையிட்டு அளந்திருக்கிறார்கள். சின்ன அளவில் பார்க்க வேண்டுமென்றால் 1804இல் கிரிகரி வாட் செய்தது இருக்கிறது. 350 கிலோவுக்கும் அதிகமான பசால்ட்டை உலையில் உருக்கி, எட்டு நாள் குளிரவிட்டு, உடைத்துப் பார்த்திருக்கிறார். ஒரே கட்டியில் ஓரத்தில் கண்ணாடி, உள்ளே போகப் போகக் கல்.

அடுத்த டியூபை 46 டிகிரி வெந்நீர் நிரப்பிய தெர்மாஸில் இறக்கினோம். உள்ளே நூலில் கட்டிய ஒரே ஒரு படிகம், தண்ணீர் 41 டிகிரிக்கு வந்த பிறகு. முதல்முறை 46 டிகிரியிலேயே இறக்கியதால் விதைப் படிகம் கரைந்து நூல் மட்டும் மிஞ்சியது. ஏழு மணி நேரத்தில் தண்ணீர் 35க்கு வந்தது. பாதி உறைந்த நிலையில் டியூபைச் சாய்த்து மிச்சத் திரவத்தை வடித்துவிட்டால், ஒரு செ.மீ. நீளத் தட்டுகள் ஒன்றுக்கொன்று சாய்ந்து நிற்கும் கூடு வெளியே தெரிகிறது. வடிக்கும் நேரம் தவறினால் எல்லாம் ஒரே வெள்ளைக் கட்டி. நாங்கள் இரண்டு தடவை தவறவிட்டோம். திரவம் பாதி இருக்கும்போதே வடித்துவிட வேண்டும்.

ஸ்லைடுகளுக்குப் பக்கத்தில் வைக்க உண்மைப் பாறை வேண்டும். கிரானைட் பட்டறையில் வெட்டு மிச்சத்தைக் காசில்லாமல் தருவார்கள். கறுப்பு கிரானைட் என்று விற்பது பெரும்பாலும் டோலரைட் அல்லது காப்ரோ, அதாவது பசால்ட் குழம்பே பூமிக்குள் மெல்ல உறைந்த பாறைகள். மெருகேற்றிய முகத்தைப் பத்து மடங்கு லென்ஸால், விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் பிளஜியோகிளேஸ் கனிமக் குச்சிகள் ஒரு மில்லிமீட்டர் அளவில் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் டோலரைட் சுவர்கள் பழைய பாறையைப் பிளந்து நிற்கும் இடங்களில், ஓரத்திலிருந்து ஒரு துண்டும் நடுவிலிருந்து ஒரு துண்டும் எடுத்தால் இன்னும் நல்லது. ஓரம் குளிர்ந்த பாறையைத் தொட்டு உறைந்ததால் மணி தெரியாத கருமையாகவும், நடு உப்பும் மிளகும் கலந்ததுபோலவும் இருக்கும். ஒரே குழம்பு, ஒரே சுவர், சில மீட்டர் இடைவெளி.

சாலால் காட்ட முடியாதது ஒன்று உண்டு. அது ஒற்றைச் சேர்மம். அதற்கு உருகுநிலை ஒன்றே. பசால்ட் குழம்பு 1200 டிகிரியில் தொடங்கி 1000க்கு அருகேவரை ஒவ்வொரு கனிமமாக இறக்கிக்கொண்டே வரும். மிச்சக் குழம்பின் சேர்மானமும் மாறிக்கொண்டே போகும். அந்த வரிசையைப் பாறையியலாளர் நார்மன் போவன் வாஷிங்டனில் கார்னகி நிறுவனத்தின் புவி இயற்பியல் ஆய்வகத்தில் சிறு மாதிரிகளைக் குறித்த சூட்டில் நிறுத்தி, சட்டென்று உறைய வைத்துக் கண்டறிந்தார். அதைச் சாலாலை வைத்து விளக்க முயன்றால் தவறான எண்ணம்தான் பதியும்.

அடுத்தமுறை மாற்றப்போவது: பால்புட்டிச் சூடாக்கிக்குப் பதில் தெர்மோஸ்டாட் வைத்த சிறு தகடு. 38க்கும் 40க்கும் இடையில் முடிவு அடியோடு மாறுவதால் அரை டிகிரிக்குள் நிற்க வேண்டும். சாலாலை மூன்றாம் முறைக்குமேல் திரும்ப உருக்கும்போது பஞ்சு வைத்து வடிகட்டுவது. வடிகட்டாததில் தூசி சேர்ந்து 38 டிகிரியிலும் இருபது, முப்பது படிகங்கள் வந்துவிட்டன. ஸ்லைடில் மார்க்கர் பேனாவால் எழுதாமல் வைரமுனைப் பேனாவால் கீறுவது. ஆல்கஹாலால் ஓரத்தைத் துடைத்தபோது இரண்டு ஸ்லைடின் வெப்பநிலைக் குறிப்பு அழிந்து, அவற்றைக் கணக்கில் சேர்க்க முடியவில்லை.

முடிந்த ஸ்லைடின் ஓரத்தை அடைக்க நகப்பூச்சு உதவாது. அதிலுள்ள கரைப்பான் சாலாலைத் தின்று ஓரமெல்லாம் குழைந்துபோகிறது. உருக்கிய மெழுகின் சூட்டுக்குச் சாலாலே உருகிவிடும். இரண்டு குழாய்களில் வரும் எப்பாக்ஸிப் பசையைப் பல்குத்தும் குச்சியால் மெல்லிய கோடாக இழுத்தது மட்டும் நின்றது. பெட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொள்ளவும். வகுப்புக்கு எடுத்துப் போகும்போது வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுவிட்டால், உள்ளே 42 டிகிரி தாண்டியதும் ஐம்பது ஸ்லைடும் மறுபடி தெளிந்த திரவமாகிவிடும்.